கரையில் நிற்கும் கப்பலை ஒருவராவது வந்து பார்க்க வேண்டி

அனுப்புநர்
ஜூமா லத்தீஃப் சுமரா,
மரக்கப்பல் கட்டுபவர்,
ஆற்றுக்கரைப் பட்டறை, சுர்வாடா பந்தர்,
கட்ச், குஜராத்.

பெறுநர்
துறைமுக அதிகாரி அவர்கள்,
சுர்வாடா பந்தர்.

பொருள்: ‘கைவிடப்பட்ட பொருள்’ என அறிவிப்பு ஒட்டப்பட்ட மரக்கப்பலை உடைக்காதிருக்கவும், நேரில் பார்வையிடவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பட்டறைக்குப் போனபோது கப்பலில் தங்கள் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மழைக்கு முன் அகற்றாவிட்டால் உடைத்து ஏலம் விடப்படும் என்று கண்டிருந்தது. கோபம் வரவில்லை. வர வேண்டியதெல்லாம் முன்பே வந்து போய்விட்டது.

2. இந்தக் கப்பலை ஓமான் நாட்டு சூர் நகர வியாபாரி சலீம் பின் முபாரக் அவர்களுக்காகக் கட்டினேன். முடிந்ததும் அவர் அனுப்பிய ஆள் வந்து பார்த்து, அடிமரம் கோணியிருக்கிறது, கப்பல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கோணவில்லை என்கிறேன் நான். வழக்கு இவ்வளவுதான்.

3. இங்குள்ள நீதிமன்றத்துக்குப் போனேன். ஒப்பந்தம் எங்கே நடந்தது என்று கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கப்பல் பேச்சைக் கரையில் முடிப்பதில்லை. மண்ணில் பேசினால் கப்பல் மண்ணிலேயே நின்றுவிடும் என்பார்கள். ஆகவே ஆழ்கடலில் நங்கூரமிட்டிருந்த சலீம் அவர்களின் கப்பலுக்குப் படகில் போய், அதன் தளத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்று கையெழுத்துப் போட்டோம். அதில் ஓமான் கொடி பறந்தது. எனவே ஒப்பந்தம் ஓமானில் நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அவர் தரப்பு வாதாடியது. நீதிமன்றமும் அங்கே போகச் சொல்லிவிட்டது. என் வக்கீல் மேக்னாபென் டக்கர், “ஜூமாபாய், கரையில ஏதாவது ஒரு டீக்கடையில உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருந்தா இந்த வம்பே இல்லையே” என்றார். மண்ணில் நிற்கக் கூடாதென்றுதான் கடலுக்குப் போனேன். கப்பல் மண்ணில்தான் நிற்கிறது.

4. ஓமானுக்கும் போனேன். கப்பல் இந்தியாவில், மரம் இந்தியாவில், கட்டிய ஆட்கள் இந்தியாவில், கோணலைப் பார்ப்பதென்றாலும் அங்கேதான் போக வேண்டும், ஆகவே இந்தியாவிலேயே நடத்திக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது. ஐந்து மழைக்காலம் போய்விட்டது. எங்கே விசாரிப்பது என்பதைத்தான் இன்னும் விசாரிக்கிறார்கள்.

5. இங்கே என் மேல்முறையீடு முடியும்வரை கப்பலை இருக்கும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும், யாரும் அசைக்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது (நகல் இணைப்பு). அகற்றினால் நீதிமன்ற அவமதிப்பு. அகற்றாவிட்டால் தங்கள் ஏலம்.

6. ‘கைவிடப்பட்ட பொருள்’ என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. நாள்தோறும் பலகைகள்மேல் கடல்நீர் ஊற்றி வருகிறேன். அதுவே ‘நிலையை மாற்றுவது’ ஆகலாம், வெளியே சொல்லாதீர்கள் என்று மேக்னாபென் எச்சரித்திருக்கிறார். தங்களிடம் சொல்லிவிட்டேன். ஊற்றாவிட்டால் மரம் காய்ந்து இணைப்புகள் விரியும். கோணாத கப்பலும் கோணிவிடும். பிறகு எந்த நாட்டு நீதிபதி வந்தாலும் அவர் பார்ப்பது நான் கட்டியதை அல்ல, வெயில் வளைத்ததை.

7. சலீம் அவர்கள்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. வழக்கு நடந்தாலும் ரமலானுக்கு அவர் வீட்டுப் பேரீச்சம்பழம் தவறாமல் வருகிறது. சென்ற பெருநாளன்று தொலைபேசியில், “பாய், நீங்க ஜெயிங்க, இல்ல நான் ஜெயிக்கிறேன். எங்கயாவது ஒரு இடத்துல ஆரம்பிக்கட்டும்” என்றார். அவருக்கும் அலுத்துவிட்டது. அந்த ஆள் வந்துபோன பிறகு என்னிடம் யாரும் கப்பல் கட்டச் சொல்லி வரவில்லை. துறையில் எனக்குக் ‘கோணல் ஜூமா’ என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் இப்போது திரும்பியும் பார்க்கிறேன்.

8. ஆகவே ஐயா, உடைக்கும் முன் ஒருமுறை பட்டறைக்கு வாருங்கள். தங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை என்பது தெரியும். கண் இருக்கிறது. அடிமரத்தின் முன்முனையிலிருந்து பின்முனைக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் போதும், நேரா கோணலா என்பது தெரிந்துவிடும். கண்டதைத் தங்கள் முத்திரையோடு எழுதிக் கொடுங்கள். நேர் என்றால், வழக்குக்கு ஓர் ஊர் கிடைக்கும்வரை அது நிற்க அனுமதியுங்கள். கோணல் என்றால் கோணல் என்றே எழுதுங்கள். நானே கோடரி எடுத்து உடைத்து இடத்தைக் காலி செய்கிறேன். அவமதிப்பு வழக்கு வந்தால் வரட்டும். அதை எந்த நாட்டில் விசாரிப்பது என்பதிலாவது யாருக்கும் சந்தேகம் வராது.

இடம்: சுர்வாடா பந்தர்
நாள்: 11.05.2019

நூலோடு காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஜூமா லத்தீஃப் சுமரா