உப்பேற்றப் பெருவழியின் சுமைதாங்கிகளை மீண்டும் நடும்படி விடுத்த ஓலை

தை மாதம் பதினோராம் நாள், பகல் இருபது நாழிகை.

வெண்கரை நாட்டைக் காக்கும் கோமகனின் ஆணையால் அமைச்சன் ஆதன் மருதன் எழுதுவது. தென்மலைக் கூற்றத்தின் அதிகாரியும், பெருவழிக் காவலரும், கோமகன் கையால் பொற்பட்டம் பெற்றவருமான கண்டன் விடங்கர் காண்க. உம் கூற்றத்தின் ஊர்களும் ஏரிகளும் கன்றுகாலிகளும் நலமாக இருக்கட்டும். உமக்குரிய வாழ்த்தை எழுத இன்று கை வரவில்லை.

கடலோர உப்பளத்திலிருந்து மலைமேல் சந்தைக்கு ஏறும் உப்பேற்றப் பெருவழியை நம் நாட்டின் தொல்வழி என்று அறிவித்துக் கோமகன் கார்த்திகையில் ஆணையிட்டார். ஆணை சிறியது. ஏழு வளைவுகளும், வளைவுதோறும் தெரியும் கடலும், இலுப்பை நிழலும், சுமைதாங்கிக் கற்களும் இருந்தபடி இருக்கவேண்டும் என்பதே அது. பௌர்ணமியன்று கல்வெட்டைத் திறந்துவைக்கக் கோமகன் வருகிறார். அதற்குமுன் வழியைப் பார்க்க விரும்பி இன்று காலை தனியே நடந்து ஏறினேன்.

நான்காம் வளைவில் ஒரு பெண் உப்பு மூட்டையருகே தரையில் அமர்ந்திருந்தாள். விடியற்காலைத் தூறலில் மூட்டையின் அடி கரைந்து, வழியில் வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது. தரையில் வைத்த மூட்டையைத் தனி ஆள் தலைக்கு ஏற்ற முடியாது. நின்றபடி இறக்கி நின்றபடி ஏற்றிக்கொள்ளத்தான் சுமைதாங்கி. அதன் இரு கற்கால்கள் நின்ற இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன.

அவள் என்னை யாரென்று அறியாள். “நல்லா வளந்த ஆளு, நின்னு வேடிக்க பாக்குறீரே. ஒரு கை குடுமய்யா” என்றாள். கற்கள் எங்கே என்று கேட்டேன். “ராசா பாக்கணும்னு கீழ கொண்டு போயிட்டாக. இனிமே உப்பையும் அவரு தேருலயே ஏத்திக்கிடட்டும்” என்றாள். கை கொடுத்தேன். இந்த வழிக்கு அமைச்சன் செய்த பணி இதுவரை அது ஒன்றே.

இறங்கிவந்து அடிவாரத்தில் உம் வேலையைக் கண்டேன். பதினொரு சுமைதாங்கிகளையும் பெயர்த்து, கல்வெட்டு மண்டபத்தின் முன்னே இரு வரிசையாக நட்டிருக்கிறீர். கோமகன் கண்ணில் ஒருசேரப் படவேண்டும் என்பது உம் எண்ணம் என்று கல்தச்சர் சொன்னார். வரிசை ஏறியும் இறங்கியும் தெரிந்ததால், எல்லாவற்றின் கால்களையும் வெட்டி ஒரே உயரமாக்கும்படி நீர் சொன்னீராம். எது குட்டையோ அதன் அளவுக்கு.

விடங்கரே, நீர் இந்தக் கூற்றத்தில் பிறந்தவர். வயிற்றில் பிள்ளையோடு இறந்தவள் சுமையை இறக்காமல் போனாள் என்பதால், அவள் பேரால் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. இறந்தவளின் நெற்றி உயரத்தைக் கயிற்றால் அளந்து அதே உயரத்தில் நடுவது இவ்வழியின் முறை. நெட்டையான ஆள் உயரக் கல் வரும்வரையும், குட்டையான ஆள் குட்டைக் கல் வரும்வரையும் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இதை உமக்கு நான் சொல்ல நேர்ந்ததே இழிவு.

குட்டைக் கல் சேந்தி என்பவளுடையது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நான்காம் வளைவில் இறந்தாள். அவள் கணவன் பூதன், உப்பு சுமப்பவன், அளவுக் கயிற்றோடு மண்டபத்தருகே நின்றான். அவள் கல்லை மட்டும் நீர் வெட்டவில்லை. அதற்கு அவன் நன்றி சொல்வான் என்று உம் காவலர் எதிர்பார்த்திருக்கிறார்கள். மற்றப் பத்துப் பெண்களையும் என் மனைவியின் அளவுக்கு வெட்டிவிட்டார்கள், அவர்கள் வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அவன் என்னிடம் கேட்டான்.

ஒரு வழியைப் போற்றச் சொன்னால், அதில் நடப்பவர்களுக்கு அதை உதவாமல் செய்திருக்கிறீர். கோமகனின் பெயரால் செய்தது அதனினும் கொடிது.

ஆகவே ஆணை. பதினொரு கற்களும் பௌர்ணமிக்குமுன் தத்தம் குழிக்குத் திரும்புக. வெட்டுண்ட கால்களின் கீழ் பீடம் கட்டி, அவளவள் உயரத்துக்கு ஏற்றுக. அளவுக் கயிறுகள் அந்தந்த வீடுகளில் இருக்கின்றன. ஆள் அனுப்பாமல் நீரே வாசலில் நின்று கேட்டு வாங்கும். கடைசிக் கல் நடப்படும்வரை, நாள்தோறும் ஒரு மூட்டை உப்பை நீர் அடிவாரத்திலிருந்து சந்தைக்குத் தலையில் சுமப்பீர். வழியில் எவரும் உமக்குக் கை கொடுக்கலாகாது. கல் இருக்கும் இடத்தில் இளைப்பாறலாம். கோமகனும் பௌர்ணமியன்று தேரை அடிவாரத்தில் விட்டு நடந்தே ஏறுவார்.

சங்கு முத்திரை இட்டேன். இதை மீறினால் உம் பட்டம் கோமகனிடமே மீளும். ஓலை கொணர்ந்தவன் உம் கையொப்பம் இல்லாமல் திரும்பான்.

இன்னும் ஒன்று. நேற்று நீர் மண்டபத்தைப் பார்வையிட வந்தபோது பூதன் உம்மை ஒன்று கேட்டான் என்றும், நீர் பல்லக்கு ஏறிப் போய்விட்டீர் என்றும் அறிந்தேன். கோமகன் அதையே உம்மிடம் கேட்பார். அவன் சொல்லை மாற்றாமல் எழுதுகிறேன்.

“ஏஞ்சாமி, தேருல வாற மகராசா தலையில என்ன சொமை இருக்கு, எம் பொண்டாட்டி மேல எறக்கி வைக்க?”