வரிசையில் வைத்த கல்

இன்று காலை குழாயடியில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கல். பால்காரர் வீட்டு அக்காவின் பச்சைக் குடம் ஆடாமல் நிற்க, அதன் அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளங்கை அளவுக் கல். ஒரு பக்கம் தட்டை. அந்தப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சில் x என்று எழுதியிருந்தது, பாதி உதிர்ந்து. உன் நகப்பூச்சு. உன் எழுத்து.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். வேலூருக்குத் தூக்கிப் போனார்கள். உன்னைத் திரும்பக் கொண்டுவந்தபோது தெருவே உங்கள் வாசலில் நின்றது. நான் மட்டும் எதிரே எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கூட்டத்துக்குள் வர எனக்குக் கால் எழாது. உனக்குத் தெரியும்.

நாம் ஏழாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. பிறகு அம்மா ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனாள். தம்பி கைக்குழந்தை. அவனைப் பார்த்துக்கொள்ள நான் நின்றுவிட்டேன். நீ எட்டாவதுக்குப் போனாய். அதற்குப் பிறகு நமக்கென்று இருந்தது குழாயடிதான். எட்டு மணிக்குத் தண்ணீர் வரும். ஒன்பது மணிக்கு நீ பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாய்.

ஒருநாள் கவிழ்த்த குடத்தின்மேல் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அழுதாய்.

"ஒரு எண்ணை எக்ஸ் என்க, அப்படின்னு போட்டிருக்குது. இன்னாடி இது? யாரு இந்த எக்ஸு? எண்ணுன்னா எண்ணைப் போட வேண்டியதுதானே?"

எனக்கும் அது யாரென்று தெரியாது. நான் வரிசையைப் பார்த்தேன். நம் தெருவில் குடம் கொண்டுவர நேரமாகும் என்றால் ஒரு கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவார்கள். எவ்வளவு அவசரமானாலும் யாரும் அந்தக் கல்லைத் தள்ளிவிட்டு முன்னால் போகமாட்டார்கள்.

"அந்தக் கல்லு மாதிரி இருக்கும்டி," என்றேன். "வரப்போறது யாருன்னு நமக்குத் தெரியாது. ஆனா இடம் அவங்களுது. வந்ததும் கல்லை எடுத்துடுவாங்க."

நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னையே பார்த்தாய்.

"ஸ்கூலுக்குப் போறவ நானு. புரியறது உனக்கா?"

மறுநாள் வந்தபோது உங்கள் வீட்டுக் கல்லில் நகப்பூச்சு காய்ந்திருந்தது.

அதிலிருந்து நீ பார்க்கிறதையெல்லாம் கணக்காக எழுதினாய். ஒரு குடம் நிறைய மூன்று நிமிடம். நமக்கு ஆளுக்கு இரண்டாக நான்கு குடம், பன்னிரண்டு நிமிடம். நமக்கு முன்னால் நிற்கும் குடங்கள் x. எட்டிலிருந்து ஒன்பதுக்குள் இருப்பது அறுபது நிமிடம். 3x + 12 ≤ 60 என்று நோட்டின் பின்னட்டையில் எழுதிக் காட்டினாய். x பதினாறு, இல்லையென்றால் அதற்கும் கம்மி. பதினாறு வரைக்கும் என்றால் இருவரும் சேர்ந்து நிற்போம், சேர்ந்து தூக்குவோம். பதினேழு என்றால் நீ பையை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவாய். உன் குடத்தையும் நானே நிரப்பி உங்கள் வீட்டில் இறக்குவேன். பௌர்ணமிக்கு மலை சுற்றக் கூட்டம் வந்தால் குழாயில் தண்ணீர் நூலாக வரும், குடத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். அன்றைக்கு எட்டுக் குடம்தான். "ஊருக்கு ஆளு ஜாஸ்தியானா எக்ஸ் கம்மியாயிடுது பாத்தியா," என்பாய், பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் போல.

ஒருநாள் அந்தக் கணக்கு நம்மை ஏமாற்றியது. முன்னால் பன்னிரண்டு குடம், மூன்று கல். "பதினஞ்சு. நிதானமா நிக்கலாம்," என்றாய். எட்டரைக்குப் பால்காரர் வீட்டு அக்கா தன் கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு ஐந்து குடத்தை வைத்தாள்.

"கல்லு ஒண்ணுதானேக்கா வெச்சீங்க?"

"கல்லு எனக்கு வெச்சேன்டி. குடத்துக்கா வெச்சேன்? மாடு தண்ணி குடிக்காதா?"

"அப்ப மாட்டுக்குத் தனியா ஒரு கல்லு வைங்க."

"வெக்கறேன், உன் தலையில."

வரிசையே சிரித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று நீ வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வந்ததும் நேரே கணக்குக்கு வந்தாய். "தப்பு நம்மளுதுதான்டி. கல்லுன்னா ஆளு. குடம் எத்தனைன்னு அது சொல்லாது. வெக்கறவங்க வாயைத் திறந்து சொல்லிட்டுப் போகணும்," என்றாய். மறுநாளிலிருந்து கல்லை வைக்கும்போதெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி "ரெண்டு குடம்" என்று கத்துவாய். மற்றவர்கள் யாரும் அப்படிச் செய்யவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கும், உனக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

எட்டாவது தேறியதும், நானும் எட்டாவது எழுத, தனித்தேர்வு விண்ணப்பம் வாங்கி வந்தாய். நீயே எழுதி நிரப்பினாய், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அம்மா அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். "ஒரு தடவ எழுது. அதுவும் நடக்கலன்னா என்னோட ரூம் கூட்ட வந்துடு," என்றாள். பரீட்சையன்று தண்ணீருக்கு யார் நிற்பது என்று உன்னைக் கேட்டேன்.

"நான் நிக்கறேன். ஒருநாள் லீவு போட்டா இன்னா ஆயிடும்? எத்தனை நாள் நீ எனக்குப் புடிச்ச?"

இன்றைக்குத்தான் அந்த முதல் பரீட்சை.

தம்பியை உன் அம்மாவிடம் விட்டேன். நீ போன பிறகு அவர் குழாயடிக்கு வருவதில்லை, தூரத்துக் கிணற்றுக்குப் போகிறார். அதனால் தண்ணீரைப் பற்றிக் கேட்க மனம் வரவில்லை. உன் பேனாவை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

குழாயடியில் எண்ணினேன். முன்னால் பத்தொன்பது குடம், இரண்டு கல். ஒன்பது மணிக்கு நான் கிளம்ப வேண்டும். வெயில் தொடங்கியதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், இன்று விட்டால் இனி நாளை மறுநாள்தான். நான் ஒருத்தி, இரண்டு குடம், ஆறு நிமிடம். மனதுக்குள் போட்டுப் பார்த்தேன், பதினெட்டு வந்தது. நாம் சேர்ந்து நின்றபோது பதினாறு. நீ இல்லாததால் எனக்கு இரண்டு குடம் கூடியிருக்கிறது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியும் போதவில்லை. கல்லைக் கணக்கில் சேர்க்காமலே ஒன்று அதிகம்.

குனிந்து வேறொரு கல்லைப் பச்சைக் குடத்தின் கீழ் செருகிவிட்டு உன் கல்லை உருவினேன்.

"இன்னாடி ஊமச்சி, என் குடத்தை ஆட்டற?" என்று திரும்பினாள் பால்காரர் வீட்டு அக்கா.

நடந்து போய் வரிசையின் கடைசியில் கல்லை வைத்தேன், எழுத்து மேலே தெரியும்படி. திரும்பி வந்து என் குடங்களை அவள் காலடியில் வைத்தேன்.

"அக்கா, எனக்கு இன்னிக்குப் பரீட்சை. கடைசியில இருக்கிற கல்லு என்னுது. முறை வந்தா கொஞ்சம் புடிச்சு வைங்க."

அவள் என்னைப் பார்த்தாள். வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள்.

"ரெண்டு குடம்," என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, உன் பேனாவோடு நடந்தேன்.