எட்டு மெத்தைத் தொட்டிலைத் திருப்பி அனுப்பும் ஓலை

நலம் நிறைக. உப்பும் முத்தும் விளையும் கருங்கழி நாட்டை ஆளும் கோ நெடுஞ்சேந்தர் திருமுன்பு, வெண்பாறை நாட்டுப் பெருந்தேவியாரும் தங்கள் உடன்பிறந்த தங்கையுமான காரிநங்கையார் திருவாய்மொழிந்தபடி, ஓலைநாயகம் தத்தன் எழுதியது. தங்கள் கழிகளில் நீர் வற்றாதிருக்க. தங்கள் கோட்டை வாயில் பகைவர்க்கு அடைத்தும் இரவலர்க்குத் திறந்தும் இருக்க. இங்கே தேவியார் பெண்மகவு ஈன்று பதினொரு நாள் ஆகின்றன. தாயும் சேயும் நலம். அந்த நலம் நீடிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஓலை.

தாய்மாமன் சீராகத் தாங்கள் விடுத்த பொற்றொட்டில் ஏழாம் நாள் வந்து சேர்ந்தது. உடன் எட்டு ஊரார் தைத்த எட்டு இலவம்பஞ்சு மெத்தைகளும், பட்டுத் திண்டு நான்கும், தொங்கவிட முத்துச்சரமும் வந்தன. கருங்கழி வழக்கம் தேவியார் அறியாததன்று, அங்கே பிறந்தவர்தாமே. ஊருக்கு ஒரு மெத்தை. அடுக்கு உயர உயர மருமக்களுக்குப் பெருமை. ஒன்றை உருவினால் அந்த ஊருக்கே அவமானம். மூன்று ஆண்டுகளுக்கு முன் தலைமகன் பிறந்தபோது ஏழு மெத்தைகளும் திண்டுகளும் வந்தன. இம்முறை எட்டாவது ஊரையும் சேர்த்துப் பொன்னையும் இரட்டித்திருக்கிறீர்கள். அன்புக்குக் குறைவில்லை, அறிவைத்தான் தேட வேண்டியிருக்கிறது என்று தேவியார் சொன்னதைச் சற்றே மென்மையாக்கி எழுத இவ்வோலைநாயகம் முயன்றான், அவர் விடவில்லை.

தலைமகன் மறைந்த செய்தி தங்களுக்கு வந்தது. மறைந்த விதம் சொல்லப்படவில்லை. தொட்டில் மண்டபத்தில், தாயிடமிருந்து மூன்று கூடம் தள்ளி, அந்த ஏழு மெத்தைகளின்மேல் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். மூன்றாம் நாளே மருத்துவச்சி கொற்றி வந்து, கை வைத்தால் மணிக்கட்டுவரை புதைகிறது, பிள்ளை முகம் திரும்பினால் மூச்சுக்கு வழியில்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று விண்ணப்பித்தாள். தமையனார் மனம் நோகும் என்று மறுத்தவர் வேறு யாருமல்லர், தேவியாரே. பத்தொன்பதாம் நாள் நண்பகலில் பிள்ளை திண்டில் முகம் புதைந்து அடங்கிப்போனது. விசிறி நின்ற சேடியர் நால்வரும் நல்ல உறக்கம் என்றெண்ணி, சிலம்பு ஒலிக்காமல் நடந்தார்கள். சோதிடர் நாளைப் பழித்தார். அமைச்சர் விதியைப் பழித்தார். தாங்கள் விடுத்த இரங்கல் ஓலையோ, தொட்டிலில் பொன் குறைந்ததால் தெய்வம் சினந்ததோ என்று வினவியது. பெயர் சூட்டும் நாற்பதாம் நாளை எட்டாத பிள்ளையாதலால், சொல்லி அழவும் தேவியாருக்கு ஒரு பெயர் இல்லை.

பட்டால்தான் தெரியும் என்பார்கள், பட்டாயிற்று. இம்முறை தேவியார் கொற்றியைத் தவிர வேறு யாரையும் கேட்கவில்லை. தேர்த்தச்சர் ஒருவரை வரவழைத்துப் பூவரச மரத்தில் தாழ்வான சிறு கட்டில் ஒன்று செய்வித்தார். மூன்று பக்கம் மரச்சட்ட அடைப்பு. சட்டத்துக்குச் சட்டம் எலுமிச்சம்பழம் நுழையாத இடைவெளி. நான்காம் பக்கம் தேவியாரின் கட்டிலோடு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. நடுவே ஒரு விரல் நுழையாது. மெத்தை ஒன்றே ஒன்று, தென்னைநாரை இறுக அடைத்துக் கட்டிலின் அளவுக்கே தைத்தது. தைத்து வந்த ஒவ்வொரு மெத்தையிலும் கொற்றி முட்டிக்கையை ஊன்றி எடுத்துப் பார்த்தாள். முதலிரண்டில் குழி அப்படியே நின்றது, தள்ளிவிட்டாள். மூன்றாவது உடனே நிமிர்ந்தது. அதன்மேல் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி, அவ்வளவுதான். தலையணையும் இல்லை, திண்டும் இல்லை, முத்தும் இல்லை. பிள்ளை மல்லாந்து உறங்குகிறாள். தேவியார் கை நீட்டினால் அவள் மார்பு ஏறி இறங்குவது தெரிகிறது.

பேரமைச்சர் இளங்காரியார் வந்து பார்த்து, ஆட்டுக்குட்டி அடைக்கும் பட்டிகூட இதைவிட அழகாயிருக்குமே என்று நகைத்தார். பின்னர் முகம் கறுத்து, சீரைத் திருப்புவது கருங்கழியோடு பகை தேடுவதாகும், எல்லையூர் நான்கும் கைவிட்டுப் போகும் என்று எச்சரித்தார். போன ஊரை மீட்கலாம், அதற்குத்தானே படைக்கும் அமைச்சருக்கும் சோறு போடுகிறோம் என்று தேவியார் விடையிறுத்தார்.

ஆதலின் தாங்கள் அறிய வேண்டுவது: பொற்றொட்டில் தச்சரின் கோடரியால் நான்காகப் பிளக்கப்பட்டு, பொற்றகடு ஒன்றும் குறையாமல் தங்கள் தூதர் வசமே வருகிறது. மெத்தைகள் எட்டும் தையல் பிரித்துப் பஞ்சாக மூட்டை கட்டப்பட்டுள்ளன. ஊரார் கேட்டால், தங்கை செருக்கினாள் என்றே சொல்லிக்கொள்க. அவர்கள் சினம் தேவியார்மேல் விழட்டும். வெண்பாறை நாட்டில் இனி எந்தப் பிள்ளையின் படுக்கையிலும் கை ஊன்றி எடுத்தால் குழி நிற்கலாகாது, தாய்க்கும் சேய்க்கும் இடையே ஒரு கூடமும் நிற்கலாகாது என்று இன்றே முரசறையப்பட்டது. இது பெருந்தேவியாரின் ஆணை. இதை மாற்ற அரசருக்கும் உரிமையில்லை என்று அரசரே ஒப்பி, பாறைமேல் பருந்து பொறித்த முத்திரை இட்டார்.

முத்திரைக்குக் கீழே, தேவியார் தம் கையால் எழுதியது:

அண்ணா, அண்ணிக்கு இது ஏழாம் மாதம் என்று உன் தூதர் சொன்னார். கோபத்தில் உடைத்தேன் என்று நினைக்காதே. முழுசாக அனுப்பினால் நீ அதை உன் வீட்டில் கட்டிவிடுவாய்.