படத்தில் தெரியாத கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அந்த மலை உச்சியில் குளிர் குறைந்து, நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா என்னைப் பக்கத்தை விட்டு நகர விட மாட்டேன் என்கிறாள், நான் கடைக்கு வருகிற நேரம் உனக்கு அங்கே ராத்திரி வேலை, அதனால் கடையில் உட்கார்ந்து எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

நீ ஆராய்ச்சி பண்ணுகிற தெற்கு வானத்து விண்மீன் மண்டலம், நடுவில் ஒரு பட்டை, அதன் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கை சுருண்டு போகுமே, நீ அனுப்பிய அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டினோம். அன்றைக்கே அம்மா, "என்னங்க, உங்க பொண்ணு இடது பக்கத்துக் கையை விட்டுட்டாளே" என்றாள். நான் சிரித்தேன் பாப்பா. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் பெண்டாட்டிக்கே கண் அவுட்டா என்று கேலி பண்ணி, இடது லென்ஸில் பவரைக் கூட்டிக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் மூன்று தடவை மாற்றினேன். கதவில் இடது தோளை இடித்துக்கொண்டாள், தட்டில் இடது பக்கம் வைத்ததைத் தொடாமலே எழுந்தாள், அப்போதும் என் மரமண்டைக்கு ஏறவில்லை. கடைக்கு வருகிற யாராக இருந்தாலும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். இவளுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை, வீட்டு ஆள்தானே என்று அசட்டையாக இருந்துவிட்டேன். செய்திருந்தால் இரண்டு கண்ணிலுமே இடது பாதி தெரியவில்லை, கோளாறு கண்ணில் இல்லை என்று அன்றைக்கே பிடிபட்டிருக்கும். போன வாரம் படியில் விழுந்தாள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, கண் இரண்டும் சுத்தமாக இருக்கிறது, பின்மண்டைக்குள்ளே, பார்வையைக் கவனிக்கிற மூளைப் பகுதியில்தான் கட்டி என்றார். "இத்தனை மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். 

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். பார்வை மிஞ்சுமா, ஆளே மிஞ்சுவாளா, எதற்கும் உறுதி சொல்லவில்லை. "அந்தப் பெரிய டெலஸ்கோப் அவளுக்கு வருஷத்துல நாலு நாள்தான் கிடைக்குது, வாயைத் திறந்தீங்கன்னா பாத்துக்கோங்க" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். மீறிவிட்டேன், போகட்டும். ஆறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது என்றாயே, அது எங்கேயும் ஓடிப் போகாதம்மா. உன் அம்மாவைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மேலதிகாரி காலில் விழுந்தாவது கிளம்பி வா.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே, பிளேன் ஏறியதும் என் நம்பருக்கு மட்டும் ஒரு வரி போடு. என்னைத் திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. தாமதம் என்னால்தான் என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஆஸ்பத்திரியில் பார்க்கிற நர்சிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர் மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ குருடாயிருப்பேன்" என்கிறாள்.

உன் அப்பா