கண்ணாடி இல்லாத கமரா

மார்ச் 3, திங்கள்

பொலிதேயாமாவில், நான் வேலை செய்கிற இத்தாலிக்காரச் சின்யோராவின் வீட்டு யன்னல்களைத் துடைத்து முடித்து, கை வலிக்க மொனிகாவைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனால், ரீச்சர் ஒரு கடதாசியை நீட்டிச் சிரிக்கிறா. 'என் குடும்பம்' என்று பிள்ளை கீறிய படம். பப்பாவுக்கு இரண்டு வட்டக் கண். தனக்கு இரண்டு வட்டக் கண், இமைமயிர் வேறு. எனக்கு — இரண்டு கோடு.

"லா மம்மா தோர்மெ?" என்று கேட்டா ரீச்சர். அம்மா நித்திரையோ என்று.

வழியில் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுதான் கேட்டேன், ஏன் பிள்ளை அம்மாவுக்குக் கண் வைக்கேல்லை என்று.

"சுவரிலை இருக்கிற படங்களைப் பாத்துத்தானே கீறினனான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அல்பத்தையும் எடுத்துப் பார்த்தேன். கலியாணத்தில் மூடியிருக்கிறேன். ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு மூடியிருக்கிறேன். பிறந்தநாள், ஒளிவிழா, நத்தார் — மூடி, மூடி, மூடி. கடற்கரையில் எடுத்த ஒன்றில் மட்டும் கண் திறந்திருக்கிறதே என்று சந்தோசப்பட்டால், அது மச்சாள்.

இந்தப் பிள்ளையின் ஒரு நாளையும் நான் தவறவிட்டதில்லை. வளர்ந்து அல்பத்தைப் புரட்டினால் என்ன நினைப்பாள்? அம்மா எல்லாத்துக்கும் வந்து நித்திரை கொண்டிட்டுப் போனா என்றுதானே? மே மாதம் அவளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கிற நாள். அந்த ஒரு படத்திலாவது எனக்குக் கண் வேண்டும்.

மார்ச் 5, சாம்பல் புதன்

தபசு காலத்துக்கு ஊர் உலகம் இறைச்சியை விடும், சாராயத்தை விடும். என்ரை மனிசன் நெற்றியில் சாம்பலோடு வந்து, கமரா வாங்கப் போறன் என்கிறார்.

"மலர், போனிலை எடுக்கிறதாலைதான் உம்மடை கண் மூடுது. இப்பத்தைக் கமராக்கள் ஆளின்ரை கண்ணைத் தானாத் தேடிப் பிடிக்குமாம்."

"அது என்ன கமரா?"

"கண்ணாடி இல்லாத கமரா."

"கண்ணாடி இல்லாமல் என்னெண்டு படம் விழும்?"

"உள்ளுக்கை இருக்கிற கண்ணாடிதான் இல்லை. முகம் பாக்கிற மாதிரிக் கண்ணாடி. முன்னுக்கு லென்ஸ் இருக்கும். அதைக் கழட்டிக் கழட்டி மாத்தலாம். ஆள் சின்னன், உம்மடை கைப்பைக்குள்ளை போகும்."

கண்ணாடி இல்லை, ஆனால் இருக்கிறது, இருப்பதையும் கழற்றலாம். காலமை சாப்பிடாமல் போனதால் வந்த தலைச்சுத்து என்று நினைத்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்.

மார்ச் 8, சனி

சோறு அடிப்பிடித்துவிட்டது. அதுவும் ரெஸ்ரோரன்றில் குசினி வேலை செய்கிறவரின் வீட்டில். மனிசன் யூரியூப்பில் இரண்டு கமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 15, சனி

விதுரன் வந்தான். இங்கே எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்தியவீடு எல்லாம் படம் பிடிக்கிறவன். முதல் நன்மை அன்று அவனுக்குக் கத்தானியாவில் சாமத்தியவீடாம், வர ஏலாதாம். கோயிலுக்குள் பங்குப் படக்காரர் மட்டும்தான் எடுக்கலாம். ஆகவே வெளியில் எடுக்கிற குடும்பப் படம் இவர் தலையில். இவருக்கு உள்ளுக்குள் சந்தோசம்.

"கொன்ஸ்ரன்ரைன் அண்ணை, வாங்கிறதெண்டால் என்ரை மாதிரி வாங்குங்கோ" என்றான். அவனுடையது பிரசர் குக்கர் அளவு.

"அதைக் கழுத்திலை போட்டால் நான் குனிஞ்சபடிதான் திரிய வேணும். எனக்குச் சின்னன் வேணும், லென்ஸும் மாத்தோணும்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைத்தது எனக்கு ஏறவில்லை. ஒன்றுக்குக் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை இல்லையாம். ஒன்றுக்கு லென்ஸ் கிடைக்காதாம். ஒன்று நல்லதாம், ஆனால் அடுத்த வருசம் இன்னொன்று வருமாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது இந்த மனிசன் இவ்வளவு ஆராயவில்லை. ஒரு தேத்தண்ணியோடு ஓம் என்றவர்.

போகும்போது விதுரன் என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்குக் கமராவை விடக் கண் டொக்டர்தான் தேவை" என்றான். நல்லகாலம் அவன் சாப்பிட்டு முடித்துவிட்டான்.

மார்ச் 22, சனி

வாங்கிவிட்டார். பொலிதேயாமாவுக்குப் பின்தெருவில் தோத்தோ என்ற கிழவரின் கடை. விலையை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் வாசிக்க வேண்டி வரும்.

பெட்டியை மேசையில் வைத்து, கை கழுவி, சிலுவை போட்டுத் திறந்தார். வடிவான சாமான்தான். கறுப்பு, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டி அளவு. முன்னால் ஒரு மூடி. மூடியைக் கழற்றினால் — ஓட்டை.

"லென்ஸ் எங்கை?" என்றேன்.

"பெட்டிக்குள்ளை இருக்கும்."

துழாவினார். கவிழ்த்தார். பட்டி விழுந்தது, புத்தகம் விழுந்தது. கண்ணாடி இல்லாத கமரா என்று சொன்ன மனிசன், சொல்லுத் தவறாமல் கண்ணாடி இல்லாமலே வாங்கி வந்திருக்கிறார்.

மொனிகாதான் பெட்டியின் பக்கத்தை வாசித்தாள். "சோலோ கொர்ப்போ. உடம்பு மட்டும், பப்பா. லென்ஸ் வேறையா வாங்கோணும். கடைக்காரர் கேக்கேல்லையோ?"

கேட்டவராம். இவருக்கு இத்தாலியன் குசினி அளவுக்குத்தான் — வெங்காயம், உப்பு, கெதியா, பொறு. கொர்ப்போ என்ற சொல்லை ஞாயிறு பூசையில் மட்டுமே கேட்டிருக்கிறார். பாதர் நற்கருணை அப்பத்தைத் தூக்கி "இல் கொர்ப்போ தி கிறிஸ்தோ", கிறிஸ்துவின் உடல், என்பார், நாங்கள் ஆமென் என்போம். வந்த நாள் தொடக்கம் அப்படித்தான். தோத்தோவும் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, "சோலோ கொர்ப்போ?" என்றாராம்.

"கையைக் கூடப் பாதர் மாதிரித்தான் தூக்கினவர், மலர். என்ரை வாய் தன்ரை பாட்டிலை ஆமென் எண்டிட்டுது."

முதலில் கண்ணீர் வரச் சிரித்தேன். பிறகுதான் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பூசையில் பாதர் "இல் கொர்ப்போ" என்று தொடங்கவே, எனக்கு முன்னால் நின்ற என்ரை மனிசனின் தோள் குலுங்கியது. நான் நிலத்தைப் பார்த்தேன். கடவுளே, மன்னியும்.

மார்ச் 29, சனி

லென்ஸ் தெரிவு செய்ய நானும் போனேன், இவரைத் தனிய விட ஏலாது. ஆமென் கதையை மொனிகா இத்தாலியனில் சொல்ல, தோத்தோ கதிரையில் இருந்துவிட்டார், சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. நல்ல மனுசன். மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்து, என்னையே நிற்கவைத்துக் காட்டினார்.

முதலாவதில் எனக்கு முன்னமே என் மூக்கு வந்து நின்றது. இரண்டாவது நீளமானது. முகம் வடிவாக வந்ததுதான், ஆனால் குடும்பம் முழுக்க விழவேண்டுமென்றால் படம் எடுக்கிறவர் தெருவுக்குப் போகவேண்டும். இவர் போனார். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் ஏசினான். மூன்றாவது தட்டையாக, மாரி பிஸ்கற் போல. அதில் எல்லோரும் அடங்கினோம், மூக்குகளும் அளவாக இருந்தன.

இனித்தான் முக்கியமானது. கமரா கண்ணைக் கண்டால் அதன்மேல் சின்னச் சதுரம் ஒன்று விழும். மொனிகாவின் கண்ணில் விழுந்தது. தோத்தோவின் கண்ணில், மூக்குக்கண்ணாடிக்கு மேலாலேயே விழுந்தது. என் முகத்தில் அது கொஞ்ச நேரம் தேடித் திரிந்தது. கடைசியில் எனக்குப் பின்னால் சுவரில் தொங்கிய புனித சாந்தா ரொசாலியா படத்தின் கண்ணில் போய் நின்றது.

"சின்யோரா, கண்ணைத் திறவுங்கோ" என்றார் தோத்தோ.

"துறந்துதான் வைச்சிருக்கிறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

பிஸ்கற்றை வாங்கிக்கொண்டு வந்தோம். வாசலில் வைத்தே சொன்னேன், "இனிமேல் கமராச் சாமான் எண்டு ஒண்டும் இந்த வீட்டுக்கு வரக்கூடாது." இவர் ஓம் என்றார். ஓம் என்பது இவருக்குக் கைவந்த கலை.

ஏப்ரல் 9, புதன்

முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் கண் வெட்டாமல் நிற்கப் பழகுகிறேன். வேலை வீட்டிலும் பழகினேன். சின்யோரா என் முழியைக் கண்டுவிட்டு, தைரொயிட் சோதித்தாயா என்று கேட்டா.

இவர் சியாகுல்லி மந்தரின் பழங்களை மேசையில் அடுக்கிப் படம் எடுக்கிறார். பழம் பளிச்சென்று, பின்னால் எல்லாம் மங்கல். "பாரும், மந்தரினுக்குக் கண்ணே இல்லை, ஆனாலும் என்ன வடிவா நிக்குது" என்றார்.

பழத்தை எடுத்து உரித்துத் தின்றேன்.

மே 10, சனி

சீலை மினுக்கியாயிற்று. பிள்ளையின் வெள்ளைச் சட்டை கதவில் தொங்குகிறது. மாதாவே, நாளைக்கு ஒரு செக்கன் போதும்.

மே 11, ஞாயிறு

இதை எழுத வருவது சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

பூசை வடிவாக நடந்தது. மொனிகா சத்தமாக ஆமென் சொன்னாள், பப்பாவைத் திரும்பிப் பார்க்காமல். கெட்டிக்காரி.

பிறகு கோயில் முற்றம். சிரோக்கோக் காற்று காலமையே தொடங்கிவிட்டது, சீலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவர் சந்தையில் வாங்கிய பழப்பெட்டிகளை ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கி, அது வடிவில்லை என்று மேலே ஒரு பிளாஸ்ரிக் மேசைவிரிப்பைப் போட்டு, அதற்கு மேல் கமராவை வைத்தார். ஆருக்கு வடிவு? பெட்டி படத்தில் விழப்போவதில்லையே? கேட்டிருக்கவேண்டும். நான் கண்ணைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொத்தானை அமத்திவிட்டு ஓடிவந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். "எல்லாரும் சிரியுங்கோ. ஒருத்தரும் அசையாதேங்கோ."

சிவப்பு விளக்கு மின்னுகிறது. மச்சாள் சிரிக்கிறா. மொனிகா கைகூப்பி நிற்கிறாள். நான் கண்ணைத் திறந்து, திறந்து, திறந்து — மூடப்போகிறேன், எனக்கே தெரிகிறது, இமை இறங்குகிறது —

அப்போதுதான் மேசைவிரிப்பு காற்றுக்கு எழும்பியது. கமரா மெல்ல வழுகியது. நான் மட்டும்தான் கண்டேன்.

கல்லில் விழுந்த சத்தம் பாதருக்குக் கேட்டிருக்கும். இவர் முழங்காலில் விழுந்து அதைத் தூக்கினார். பூசையில் கூட அவ்வளவு பக்தியாக முழந்தாளிட்டதை நான் கண்டதில்லை. கமரா எழும்பவே இல்லை. பிள்ளையின் முதல் நன்மை நாளில், ஒரு குடும்பப் படமும் இல்லாமல். நான் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

வீட்டில் மொனிகா உள்ளே இருந்த சின்ன மெமரி கார்ட்டைக் கழற்றி, மச்சாளின் கொம்பியூட்டரில் போட்டாள். ஒரு படம் இருந்தது. விழமுதல் கமரா தன் கடமையைச் செய்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறது.

கோயில் சரிந்து நிற்கிறது. எல்லோரும் ஒன்றும் தெரியாமல் சிரிக்கிறார்கள். நடுவில் நான் — ஒரு காலை முன்னுக்கு வைத்து, இரண்டு கையையும் நீட்டி, வாயைத் திறந்து. கண்? இரண்டும் முழுசாக. முட்டை போல. வெள்ளை முழுக்கத் தெரிகிறது.

"அம்மா முழிச்சிட்டா" என்றாள் மொனிகா. அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். மச்சாள் கமராவுக்காக அழுகிறேன் என்று நினைத்தா.

மே 14, புதன்

படம் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஏறிவிட்டது. நேராகத்தான் மாட்டினேன், கோயில் சரிவாகவே நிற்கிறது. மொனிகா தன் பழைய படத்தை எடுத்து, என் இரண்டு கோட்டுக்கும் மேலே இரண்டு வட்டம் கீறினாள். முகத்தில் வேறு ஒன்றுக்கும் இடமில்லை.

இவர் உடைந்த கமராவைத் தேயிலைப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். என்னோடு அதிகம் கதைப்பதில்லை. சோறு திறமாக வருகிறது.

மே 17, சனி

காலமை நானே அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். உண்மைதான், அடங்குகிறது. "வெளிக்கிடுங்கோ" என்றேன். இவர் சேட்டை மாத்திக்கொண்டு வந்தார்.

தோத்தோ லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிஸ்கற்றில் ஒரு கீறலும் இல்லை. கமராவின் உடம்பைக் காதருகில் ஆட்டினார், உள்ளே ஏதோ கிலுங்கியது. தலையை ஆட்டினார். நான் படத்தைக் காட்டினேன். கனநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், அதே மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"சோலோ கொர்ப்போ?"

இவர் வாயைத் திறக்கவில்லை. பட்ட மனுசன். என்னைப் பார்த்தார்.

"ஆமென்" என்றேன்.