கல்யாணப் பந்தலில் தோரியம்

என் உயிருக்கு இனியவரே,

சிட்லபாக்கத்தில் எல்லோரும் சுகம். ஏரி இந்த வருஷம் நிறைந்து கிடக்கிறது. நம் ஜெஸ்ஸி காலேஜில் சேர்ந்துவிட்டாள். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகியும், உங்களுக்குச் சொல்ல ஏதாவது ஒன்று தினமும் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

போன வாரம் சாயங்காலம் கரண்ட் போனது. ஜெஸ்ஸி பெட்ரோமாக்ஸை ஏற்றிவிட்டு, "அம்மா, இந்த மேண்டில்ல தோரியம் இருக்காமே, எங்க சார் சொன்னார்" என்றாள். நான் சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவள் பயந்தே போய்விட்டாள். நம் கல்யாணக் கதையை அவளுக்கு இதுவரை சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. உட்காரவைத்துச் சொன்னேன்.

சர்ச்சில் ஆராதனை முடிந்து உங்கள் வீட்டு வாசல் பந்தலில் ரிசப்ஷன். நாம் இருவரும் அதுவரை சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள். நீங்கள் தாம்பரத்தில் ஒரு காலேஜில் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர். 'இனிமேல் படிப்பு கிடிப்பு வேண்டாம்' என்று அத்தை, உங்கள் அம்மா, நிச்சயத்தன்றே சொல்லியிருந்தார். அதை நினைத்துக்கொண்டே மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று கரண்ட் போனது. பல்லாவரத்திலிருந்து வாடகை விளக்கு கொண்டுவந்திருந்த ரஹீம் பாய் புது மேண்டிலைக் கட்டிப் பற்றவைத்தார். நூல் வலை எரிந்து சாம்பலாகி, அந்தச் சாம்பல் பளீரென்று வெள்ளையாக ஒளிவிட்டது. ஏதாவது பேசவேண்டுமே என்று, "இது தோரியத்தோட வெளிச்சம்" என்றேன்.

"தோரியமா? அது ரேடியோ ஆக்டிவ் ஆச்சே! கல்யாண வீட்ல அதுக்கு என்ன வேலை?" என்றீர்கள்.

"அந்த நூலை தோரியம் உப்புலதாங்க முக்கி எடுப்பாங்க. நூல் எரிஞ்சதும் ஆக்சைடு நிக்கும். இந்த விளக்குச் சூட்லயெல்லாம் உருகாது."

"சும்மா சொல்லாதீங்க."

"நம்பலைன்னா கருவி வெச்சுப் பாருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "இதோ வந்துடறேன்" என்று மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இருட்டில் இறங்கிப் போனீர்கள். எங்கே என்று யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கொஞ்ச நேரத்தில் பந்தல் கலகலத்துப்போனது. மாப்பிள்ளையைக் காணோம். அவர் சைக்கிளையும் காணோம். என் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"அவர் கிட்ட என்னடி சொன்னே?"

"தோரியம்னு சொன்னேம்மா."

"யாருடி அந்தத் தோரியம்?"

நான் பதில் சொல்வதற்குள், பின்னால் நின்ற சித்தி காதில் அது விழுந்து, அங்கிருந்து பந்தி வரைக்கும் போய்விட்டது. பொண்ணு மனசில் தோரியம் என்று ஒரு பையன் இருக்கிறானாம்; அதை மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டாளாம்! அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "படிச்ச பொண்ணு வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று அத்தை சொன்னது என் காதில் விழுந்தது. 'அது ஒரு உலோகம்' என்று நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. உண்மையிலேயே போய்விட்டீர்களோ என்று நானும் வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன்.

அப்புறம் சைக்கிள் மணி கேட்டது. கோட்டெல்லாம் வியர்வையில் நனைந்து, கேரியரில் துண்டு சுற்றிய பெட்டியோடு நீங்கள்! காலேஜ் லேபைத் திறந்து, கதிர்வீச்சைச் சத்தமாகக் காட்டும், பேட்டரியில் ஓடும் கைகர் கருவியை எடுத்து வந்திருந்தீர்கள்.

"பாய், ஒரு புது மேண்டில் குடுங்க."

"இன்னா சார், நம்ம மேண்டில்ல எதுனா கோளாறு கீதா?" என்று கேட்டுக்கொண்டே ரஹீம் பாய் எடுத்துக் கொடுத்தார்.

வெறும் மேஜைமேல் கருவி எப்போதாவது ஒருமுறை 'டிக்' என்றது. மேண்டிலைப் பக்கத்தில் கொண்டுபோனதும் தகரக் கூரையில் மழை விழுவதுபோலச் சடசடத்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

"இவங்க சொன்னதுதான் சரி" என்று சத்தமாகச் சொன்னீர்கள். பாயிடம், "பயப்படாதீங்க, ரொம்பக் கம்மிதான். சாம்பலை மட்டும் ஊதாதீங்க" என்றீர்கள்.

அப்பா மெதுவாக எழுந்து வந்து அந்த மேண்டிலை எட்டிப்பார்த்தார். "மாப்பிள்ளை... தோரியம்ங்கறது இதுதானா?"

பந்தலில் எழுந்த சிரிப்பில் கரண்ட் வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள், "அம்மா, இவங்க எம்.எஸ்ஸி. படிக்கட்டும்" என்றீர்கள். அத்தை உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிக்கட்டும். முதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றார். இன்று நான் கெமிஸ்ட்ரி லெக்சரராக நிற்பது அந்த ஒரு வார்த்தையில்தான்.

கதை முடிந்ததும் ஜெஸ்ஸி கேள்விமேல் கேள்வி கேட்டாள். தோரியத்தைப் புதிதாக வெட்டினால் வெள்ளிபோல மின்னும், காற்றுப்பட்டுப் பட்டு மெல்லக் கறுத்துவிடும் என்றேன். கதிர்வீசிப் பாதி தேய்வதற்கே ஆயிரத்து நானூறு கோடி வருஷம் ஆகும் என்றேன். "அப்போ முதல்ல எங்கிருந்தும்மா வந்தது?" என்றாள். சூரியன் பிறப்பதற்கு முன்னால் எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்து, அந்தத் தூளில் கலந்து பூமிக்குள் வந்திருக்கும் என்கிறார்கள் என்றேன். எழுந்துபோய்ப் பெட்ரோமாக்ஸின் பக்கத்தில் குனிந்து மேண்டிலைப் பார்த்தாள்.

"நட்சத்திரம் செத்த பிறகும் அதுக்குள்ள இருந்தது நம்ம வூட்டுக்கு வருதே, அதிசயம் இல்ல?"

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மே மாத லீவில் அவளைக் கன்னியாகுமரிப் பக்கம் அழைத்துப்போகிறேன். மலைப்பாறை கரைந்து ஆற்றோடு இறங்கி, தோரியம் கலந்த மணலாக அந்தக் கரையில் ஒதுங்கிக் கிடப்பதை அவள் கண்ணால் பார்க்கவேண்டும். போவோம் போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்து நாம் போகாத ஊர். அங்கே அழமாட்டேன் என்று வாக்குத் தர முடியாது. ஆனால் அவளோடு அலையில் இறங்கி, புடவை நனைய, வாய்விட்டுச் சிரிப்பேன். அதற்கு வாக்குத் தருகிறேன்.

என்றும் உங்கள் மனைவி,
ஜெஸ்ஸியின் அம்மா,
சுகந்தி