எழுபத்தேழு உறவினர்

அத்-பாஷி, மார்ச் 4

அன்புள்ள சிக்ருன் அக்கா,

நலம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? புத்தாண்டுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லையே. ருஷ்ய மொழி வாத்தியாருக்கு எழுத்து மறந்துவிட்டதா, அல்லது கூடப்பிறக்காத இந்தத் தங்கையே மறந்துபோனாளா?

இங்கே இன்னும் பனி உருகவில்லை. இங்ரித் அநாதை இல்லத்தின் பதினொரு பிள்ளைகளும் சளியோடு இருக்கிறார்கள், அதைத் தவிரக் குறையில்லை. துர்சுனாய்க்குப் பதினைந்து முடிந்தது. ஆகஸ்டில் நரீன் நகர மருத்துவப் பள்ளியில் செவிலியர் படிப்புக்குத் தேர்வு எழுதப் போகிறாள். செவிலியாக வந்த உங்கள் மகள் இங்ரித் எங்கள் மலையில் பனிச்சரிவில் சிக்கிச் சாகாமல் இருந்திருந்தால் இவளுக்கு அவளே பாடம் சொல்லியிருப்பாள். இந்தப் பெண் தேறிவிட்டால் இந்த வீட்டைக் கட்டியதற்கு அர்த்தம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் உங்கள் அறக்கட்டளை ஆள் இல்லத்தைப் பார்க்க வருகிறாராமே. பிள்ளைகளுக்கு ஏழு தந்தையரின் பெயரைச் சொல்லப் பழக்குகிறேன். அப்பா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா என்று ஏழு தலைமுறை. அதைச் சொல்லத் தெரியாதவன் அடிமை என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. தெருவில் பொறுக்கி எடுத்த பிள்ளைகள் என்று வருகிறவர் நினைத்துவிடக் கூடாது.

உங்கள் தங்கை
புருல்கான்

*

கிர்கெனெஸ், மார்ச் 22

அன்புத் தங்கை புருல்கானுக்கு,

மறக்கவில்லை. ஊன்றுகோலோடு நடப்பவளுக்குத் தபால் நிலையம் தூரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

வருகிறவன் என் அண்ணன் மகன் தூர்ஸ்டைன். இப்போது அறக்கட்டளையை அவனும் இன்னும் இரண்டு பேரும்தான் பார்க்கிறார்கள். நல்லவன், ஆனால் காகிதத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டான். ருஷ்ய மொழியும் தெரியாது. உங்கள் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மொழிபெயர்க்க ஒரு பெண்ணை அழைத்து வருவான். அவனுக்கு நிறைய போர்சோக் மாவுருண்டை பொரித்துப் போடாதே, வயிறு கெட்டால் அறிக்கையில் அதையும் எழுதுவான்.

துர்சுனாய்க்கு என் முத்தம்.

அக்கா சிக்ருன்

*

அத்-பாஷி, ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! உங்கள் மருமகன் வரிசையாக எல்லாரிடமும், "குடும்பத்தில் யார் யார்?" என்று கேட்டார். துர்சுனாய்தான் முதலில் எழுந்தாள். ஜெனிஷ், கோஜோ, மமிர், துலோபெர்தி, எசென், பாயிஸ், கரபாய் என்று ஒரு மூச்சில் சொன்னாள். மொழிபெயர்த்த பெண் நகரத்துப் பிள்ளை, பெயர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பிறகு மற்ற பத்துப் பேரும் சொன்னார்கள். ஆறு வயது சிங்கிஸ்கூட ஐந்தாவதில் தடுக்கி விழுந்து, எழுந்து, ஏழையும் முடித்தான்.

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். பெற்றவர்கள் இல்லாவிட்டாலும் என் பிள்ளைகள் பெயரில்லாதவர்கள் இல்லை. உங்கள் மருமகன் போகும்போது என் கையை வெகுநேரம் குலுக்கினார். அவருக்கு மகிழ்ச்சி என்று முகத்திலேயே தெரிந்தது.

உங்கள் தங்கை
புருல்கான்

*

கிர்கெனெஸ், மே 30

அன்புள்ள புருல்கான்,

இதை எப்படி எழுதுவது என்று நான்கு நாளாகத் தெரியவில்லை.

தூர்ஸ்டைனின் அறிக்கையில், பதினொரு குழந்தைகளுக்கு எழுபத்தேழு உறவினர் என்று இருக்கிறது. படித்ததும் சிரித்துவிட்டேன். அத்தனை பேரும் செத்தவர்களடா, சிலர் இருநூறு வருடத்துக்கு முன்பு செத்தவர்கள் என்று சொன்னேன். அவனும் சங்கடமாகச் சிரித்தான். பிறகு, "சரி அத்தை, அவங்க வழியில வந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டான்.

பொய் சொல்ல எனக்கு வராது. துர்சுனாயின் சித்தப்பா ஆடு மேய்ப்பதை நீதான் எழுதியிருந்தாய். சிங்கிஸின் மாமாவைப் பற்றியும் எழுதியிருந்தாய். இருக்கிறார்கள் என்றேன்.

அறக்கட்டளைப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு. உயிரோடு உறவினர் ஒருவரும் இல்லாத குழந்தைகளுக்கு மட்டும் என்று. இங்ரித்தை அடக்கம் செய்த வாரத்தில் நானே எழுதிய வரி. அன்று எனக்கு ஒருவரும் இல்லை என்று தோன்றியது, அப்படிப்பட்டவர்களை நினைத்து எழுதினேன். ஆகஸ்ட் முதல் தேதியோடு இல்லத்தை மூடுகிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகச் சொல்லி உறவினர்களுக்கு இங்கிருந்து கடிதம் போய்விட்டதாம்.

நான் போராடுகிறேன். நம்பு.

சிக்ருன்

*

அத்-பாஷி, ஜூன் 25

அக்கா,

உறவே இல்லாத பிள்ளை வேண்டுமென்றால் எங்கள் நாட்டில் வீடு கட்டியிருக்கக் கூடாது. இங்கே அப்பன் செத்தால் அநாதை. உறவு செத்துப்போவதில்லை. ஏழு தலைமுறைக்குள் எவனாவது ஒருவன் எங்காவது ஆடு மேய்த்துக்கொண்டுதான் இருப்பான். அவன் பிள்ளையைப் படிக்க வைப்பான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

துர்சுனாயின் சித்தப்பா தொக்தொபெக் குதிரையில் வந்தார். ஆறு வருடமாக எட்டிப் பார்க்காதவர். உங்கள் கடிதத்தை ஊர்த் தலைவர் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டாராம். வாசலிலேயே நின்று சொன்னார்:

"ஏழு பேரயும் சொல்லத் தெரிஞ்ச புள்ள. அத வெளியாளு வீட்டுல விட்டுட்டு நான் ஊருக்குள்ள எப்படிம்மா தல நிமிந்து நடக்குறது?"

படிப்பைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு நாலு பசங்க, முந்நூறு ஆடு. அவளுக்கு அங்க வேல கெடக்கு" என்றார். குழந்தைகள் நல அலுவலகத்தில் காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டு அன்றைக்கே மேய்ச்சல் மலைக்கு அழைத்துப் போய்விட்டார். அவளுடைய உயிரியல் புத்தகத்தைப் பைக்குள் நான் திணித்தேன். இதுவரை நாலு பேர் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் இருபது தேர்வு. நீங்கள் வந்து, இறந்த மகளின் தாயாக நின்று, அவளைத் தேர்வுக்கு அனுப்பும்படி கேட்டால் அவர் மறுக்கமாட்டார். செத்தவர்கள் பெயரால் கேட்டதை எங்கள் ஆட்கள் மறுப்பதில்லை. காலைப் பிடித்துக் கேட்கிறேன், வாருங்கள்.

புருல்கான்

*

கிர்கெனெஸ், ஜூலை 18

அன்புள்ள புருல்கான்,

அறக்கட்டளை ஓட்டெடுப்பில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன், மூவரில் ஒருவர்தான் என் பக்கம். "நீங்க எழுதின வரிதானே அத்தை" என்றான் தூர்ஸ்டைன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி எனக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த தேதி, விட்டால் இன்னும் ஒரு வருடம். அடுத்த கோடையில் நிச்சயம் வருகிறேன். துர்சுனாய் சின்னப் பெண்தானே, ஒரு வருடம் பொறுக்கலாம். என்னை மன்னித்துவிடு.

சிக்ருன்

*

அத்-பாஷி, அக்டோபர் 9

மதிப்புக்குரிய சிக்ருன் அம்மையாருக்கு,

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்ததென்று நம்புகிறேன்.

துர்சுனாய் தேர்வுக்கு வந்தாள். சித்தப்பாவிடம் சொல்லாமல் மலையிலிருந்து ஒன்றரை நாள் நடந்து வந்தாள். நரீனுக்கு நான் கூடப் போனேன். மனுவில் காப்பாளர் கையெழுத்து கேட்டார்கள். நான் இப்போது யாருக்கும் காப்பாளர் இல்லை. ஒருவருமில்லாத பிள்ளைக்கு மட்டும் கையெழுத்து வேண்டாமாம்.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் இரக்கத்தோடுதான் கேட்டார், "உனக்கு யாரும்மா இருக்கா?" என்று.

துர்சுனாய் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு யாருமில்ல" என்றாள்.

"அப்பா பேரு?"

"தெரியாது."

எங்கள் பெண் ஒருத்தி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அம்மாள் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்திருந்த பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். ஜூன் மாதத் தேதியில் சித்தப்பாவின் கையெழுத்து இருந்தது. "பொய் சொல்லக் கூடாது கண்ணு" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

செய்தி கேட்டு வந்த சித்தப்பா அவளை அடிக்கவில்லை. பெயரை மறுத்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சென்ற வாரம் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு முப்பத்து மூன்று வயது. என்னை அழைக்கவில்லை.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். அது பொய்யாகிவிடும். என் மேலும் அதே அளவு கோபம் இருக்கிறது, அந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே.

அடுத்த கோடையில் வர வேண்டாம். இல்லத்து வீட்டை ஒரு கம்பளி வியாபாரி வாங்கிவிட்டார், இங்கே தங்க இடமில்லை.

புருல்கான், ஜுமாவின் மகள்